பனியன் கட்டிய குழாய்

அன்று பிற்பகல் கூடத்தில் இருந்தவர்கள்: வாசற்பக்கத்து நாற்காலியில் என் தங்கையின் மாமனார். அவருக்கு எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே, மாமியார். சோபாவின் ஒரு ஓரத்தில் அவர்களுடைய மூத்த மகன். டயர்க் கடை வைத்திருப்பதால் வீட்டுக்குள்ளேயே அவருக்கு டயர்க்காரர் என்றுதான் பெயர். அவரை ஒட்டி அவர் மனைவி, வீட்டின் மூத்த மருமகள். சோபாவின் மறு ஓரத்தில், பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப்போகிறவரைப் போல நுனியில், என் தங்கையின் கணவர். நடுவில் ஒருவர் உட்கார இடம் இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. என் தங்கை சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். அவள் காலடியில் ஒரு பெட்டி, பூட்டித் தயாராக. எனக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

யார் யார், எங்கெங்கே என்று முதலில் எழுதிவிட வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பள்ளியில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தபோது ஏற்பட்ட பழக்கம். எழுதி வைத்துவிட்டால் பின்னால் யாரும் "நான் அப்போ அங்க இல்லையே" என்று நழுவ முடியாது. அன்றைக்கு அது உபயோகப்பட்டது.

தங்கை எனக்குத் தேநீர் கொண்டுவந்தாள். கோப்பையை வாயருகே கொண்டுபோன உடனே அந்த நாற்றம் அடித்தது. தேநீரில் இல்லை, கோப்பையைத் துடைத்த துண்டிலிருந்து கோப்பைக்கு ஏறிய நாற்றம். மழையில் நனைந்த சாக்கைச் சுருட்டி மூலையில் போட்டு, அதன்மேல் ஒரு நாய் படுத்து எழுந்து போனால் எப்படி இருக்குமோ, அப்படி. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அது என்னவென்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தேன்.

"பாத்தீங்களா, உங்களாலயே குடிக்க முடியலை," என்றார் தங்கையின் மாமியார். "நாங்க தினமும் இந்த மாதிரித் துண்டுலதான் மூஞ்சி துடைக்கிறோம்."

"அத்தை, சூடா இருக்குன்னு வெச்சேன்."

"மறைக்காதீங்க. உங்க மூக்குதான் சொல்லுதே."

மேசைமேல் ஒரு கடிதம் கிடந்தது. மாமனாரின் அண்ணன், பிள்ளைகளுக்குப் பெரியப்பா, எழுதியது. வீடு அவர் பெயரில் இருக்கிறது. அவர் வேறு ஊரில் இருக்கிறார். காது மந்தமாகிவிட்டதால் தொலைபேசியில் பேசுவதை விட்டுவிட்டார். அவரிடம் எதைச் சொல்வதானாலும் தாளில் சொல்ல வேண்டும், அவரும் தாளில்தான் தீர்ப்புச் சொல்வார். மாமியார் சொல்லச் சொல்ல மூத்த மருமகள் எழுதி அனுப்பிய புகாருக்கு இது பதில். மாமனார் அதை எடுத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"சின்ன மருமகள் துணி துவைக்கும் லட்சணம் பற்றி அறிந்தேன். ஒரு வீட்டின் யோக்கியதை அதன் துணியில் தெரியும். அவளுடைய அண்ணனை வரவழைத்து, மரியாதையாகவே ஒப்படைத்துவிடவும். பழகிக்கொள்ளட்டும். மேற்கொண்டு பிறகு பார்க்கலாம்."

'மேற்கொண்டு பிறகு பார்க்கலாம்' என்ற இடத்தில் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான் கிடங்கு ஒன்றில் சரக்குக் கணக்கு எழுதுகிறவன். பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்த சரக்கு எதுவும் அலமாரிக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. கதவோரம் நின்ற என் தங்கைக்கும் அது தெரிந்திருந்தது. பெட்டியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையைப் பார்த்தேன். கண்ணாடிக் கடையில் வேலை. மற்றவர்கள் கண்ணுக்கு லென்ஸ் அளவு எடுப்பவர். அந்த வீட்டில் அவர் வாய் திறந்தால் கொட்டாவிக்காக இருக்கும் என்று தங்கை ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அன்றைக்குக் கொட்டாவியும் வரவில்லை.

"தினமும் துவைக்கிறாளா, இல்லையா?" என்று கேட்டேன்.

"துவைக்காம என்ன. சோப்பை அள்ளிக் கொட்டுறா," என்றாள் மூத்த மருமகள். "கை வெச்சா துணி பிசுபிசுன்னு இருக்கும். என் வீட்டுக்காரருக்கு இடுப்பெல்லாம் அரிப்பு."

"அதை ஏன் இங்க சொல்ற," என்றார் டயர்க்காரர்.

"அரிக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"உன்கிட்ட சொன்னேன். சபையிலயா சொல்லச் சொன்னேன்."

நான் தங்கையைப் பார்த்து, "பெட்டியைத் திற" என்றேன். எதை ஒப்படைக்கிறார்கள் என்று பார்த்து வாங்குவதுதான் முறை என்று மாமனாரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். பெட்டி திறந்தது. மடித்து அடுக்கியிருந்த புடவைகளிலிருந்து அதே சாக்கு, அதே நாய். மாமியார் முந்தானையால் மூக்கை மூடினார். மூடியவர் அடுத்த கணமே முந்தானையை மூக்கிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். அவர் முந்தானையிலும் அதேதான்.

அந்தக் கூடத்தில் எல்லோர் உடம்பிலும் அதேதான் இருந்தது. அவரவர் நாற்றம் அவரவர்க்குப் பழகிப்போய், அது அவளிடமிருந்து மட்டும் வருவதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க காய வைக்கிற?" என்று கேட்டேன்.

"டிரையர்ல," என்றாள் தங்கை. "வெளிய இடம் கிடையாது. கொல்லை முழுக்க டயர்."

"டயர் என்ன பண்ணுச்சு," என்றார் டயர்க்காரர்.

"ஒண்ணும் பண்ணலை மாமா. இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்குன்னு சொன்னேன்."

"காட்டு," என்றேன்.

சமையலறைக்குப் பின்னால் ஒரு சிறிய அறை. கதவைத் திறந்ததும் முகத்தில் ஈரத் துணியைப் போர்த்தியது போல இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக வழிந்தது. சுவரின் மேல் மூலையில் கறுப்புப் புள்ளிகள், ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தன. சுவரில் கை வைத்தேன். சுண்ணாம்பு தயிராடை போல விரலோடு வந்தது. விரலை எதில் துடைப்பது என்று தெரியவில்லை. அந்த அறையில் துடைத்துக்கொள்ளத் தகுந்த பொருள் ஒன்றும் இல்லை.

மூலையில் டிரையர், துணியைச் சூட்டில் சுழற்றிக் காயவைக்கும் இயந்திரம். அதன் பக்கத்தில் ஓர் இரும்பு அலமாரி, சுவரோடு சுவராக. அலமாரிக்கு மேலும் டயர்கள். எதிர்ப் பக்கத்துத் தட்டுகளில் வீட்டுத் துணி முழுவதும் மடித்து அடுக்கியிருந்தது. நனைந்த காற்றில், நாள் முழுக்க.

தங்கை ஈரச் சட்டை ஒன்றைப் போட்டு இயந்திரத்தை ஓட்டினாள். அது உறுமியது. மேல்தகட்டில் கை வைக்க முடியாத சூடு. முன்னால் இருந்த வடிகட்டியை உருவிக் காட்டினாள், சுத்தமாக இருந்தது. "ஒவ்வொரு தடவையும் எடுத்துக் கழுவிருவேன் அண்ணா," என்றாள். ஓட்டம் முடிந்து சட்டையை எடுத்தால், காலர் கொதித்தது, கைமடிப்பு சொட்டச் சொட்ட இருந்தது.

"இப்படித்தான். ரெண்டாவது தடவையும் ஓட்டுவேன். அப்பவும் இப்படித்தான்."

"இதோட ஈரக் காத்து எங்க போகுது?"

"பின்னாடி ஒரு பைப் இருக்கு. அது அலமாரிக்குப் பின்னால போகுது. அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது. அலமாரியைத் தொடக் கூடாதுன்னுட்டாங்க."

திரும்பவும் ஓடவிட்டு நான் கொல்லைக்குப் போனேன். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கொல்லைப் படிவரை வந்து நின்றார்கள். டயர்களுக்கு இடையில் பக்கவாட்டில் நடந்து அந்த அறையின் வெளிச்சுவருக்குப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே இயந்திரம் அப்படிக் கத்துகிறது. வெளியே ஓர் ஊதுபத்திப் புகைகூட அசையாது. தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் சுவரில் ஏதோ ஒன்று புடைத்துக்கொண்டு இருந்தது. முதலில் ஏதோ பிராணி தலைகீழாகத் தொங்குகிறது என்றுதான் நினைத்தேன். சாம்பல் நிறம். மயிர் மயிராக. கிட்டே போனால் துணி. குழாயின் வாய்க்குத் துணி கட்டி, சுற்றிலும் சணல் கயிற்றால் இறுக்கியிருந்தது. துணிக்குமேல் பஞ்சுத்தூசி அப்பி, மழையில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, பூனைத் தோல் போல ஆகியிருந்தது. தொட்டால் வழுக்கியது.

நான் கிடங்கில் மூட்டைகளோடு பழகியவன். எனவே அந்த அருவருப்பிலும் அந்த முடிச்சுதான் கண்ணில் பட்டது. நயமான முடிச்சு, எத்தனை மழைக்கும் நெகிழாதது.

"யாரு கட்டினது? முடிச்சு நல்லா இருக்கு," என்றேன். மனதில் பட்டதைத்தான் சொன்னேன், வேறு எண்ணம் இல்லை.

"நான்தான்," என்றார் மாமியார் படியிலிருந்து. "அதுலேருந்து பஞ்சு பஞ்சாப் பறந்து என் ரோஜாச் செடி மேல எல்லாம் விழுந்துச்சு. ஒருத்தரும் கவனிக்கலை. ஒரு பழைய துணியை எடுத்து, வடிகட்டி மாதிரி கட்டிட்டேன். அன்னியிலேருந்து ஒரு பஞ்சு விழலை."

மாமனார் மெல்ல இறங்கி வந்து அதை உற்றுப் பார்த்தார்.

"இது என் பனியன்."

"பழசு."

"நான் எத்தனை நாளாத் தேடினேன்."

"கிழிஞ்சது. விடுங்க."

பனியன் என்று தெரிந்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. மனைவிக்கு மட்டும் புத்திசாலிப் பட்டம் போவதா என்று தோன்றியிருக்கலாம். "இவ துணி கட்டினது பெரிசில்லை," என்றார் என்னிடம். "அதுக்கு முன்னாடியே உள்ள வலை அடிச்சது நான். குருவி போய் வந்துக்கிட்டு இருந்துச்சு. வீட்டுக்குள்ள வந்துட்டா என்ன பண்றது? ஒரு சாயங்காலம் ஒத்தையாக் குனிஞ்சு நின்னு ஆணி அடிச்சேன். அப்புறம் ஒரு குருவி எட்டிப் பாத்திருக்குமா?"

"வலை அதோட கூடவே வந்ததுன்னுல்ல நினைச்சேன்," என்றார் மாமியார்.

"கூடவே வர்றதா. என் கையால அடிச்சது."

இந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே குறையைச் சொன்னவர்தான் அந்தக் குறைக்குப் பொறுப்பு. 'தண்ணி சொட்டுதே' என்று சொன்னால், 'நீ என்ன பண்ணினே' என்ற கேள்வி வரும். சரிசெய்யும் வேலையும் அவர் தலையில் விழும். ஆகையால் ஒருவரும் ஒன்றையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவரவர் கண்ணில் பட்டதை அவரவரே யாரும் பார்க்காதபோது சரிசெய்துவிடுவார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னால் ஊமையாகிவிடும் இந்தக் குடும்பம், கெட்டிக்காரத்தனத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் போட்டி போட்டுக்கொண்டு முன்னால் வந்தது.

"அலமாரியை ஒட்டித் தள்ளி, ஒரு முழம் இடம் மிச்சம் பண்ணினேனே, அதை ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க," என்றார் டயர்க்காரர். "பைப்பு புடைச்சுக்கிட்டு நின்னுச்சு. காலால ஒரு அமுக்கு. அலமாரி கச்சிதமா உட்கார்ந்துடுச்சு. அதுக்கு மேல நாலு டயரும் வெச்சேன்."

"பைப்பு வாங்கினது நான்," என்றார் மாப்பிள்ளை. அவர் குரலைக் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். "நீளமா வாங்கினேன். பின்னாடி எங்க மாத்தி வெச்சாலும் பத்தும்னு. மிச்சத்தைச் சுருட்டி உள்ளேயே செருகிட்டேன்."

மூத்த மருமகள் சிரித்தாள். "எல்லாரும் காத்தை வெளிய அனுப்பத்தான் பாத்தீங்க. அவ்வளவு சூடு வீணாப் போகுதேன்னு யாருக்காவது தோணுச்சா? அலமாரி இடுக்கு வழியா கையை விட்டு, பைப்புல பக்கவாட்டுல ஒரு கீறல் போட்டேன். தலைக்குக் குளிச்சிட்டு அங்க போய் நின்னா முடி காஞ்சிடும். இப்ப கொஞ்ச நாளா ஈரமாத்தான் வருது."

என் தங்கை எல்லோருக்கும் பின்னால், கதவுக்குள் நின்றாள். ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக அவள் சொன்னது இவ்வளவுதான்:

"அலமாரியை நகர்த்துங்க."

டயர்க்காரர் தயங்கினார். மாப்பிள்ளை முன்னால் போய்க் கை வைத்தார். அண்ணன் தம்பி இருவரும் டயர்களை இறக்கிவிட்டு அலமாரியை இழுத்தபோது பின்னால் அந்தக் குழாய் கிடந்தது. மலைப்பாம்பு ஆட்டை விழுங்கிவிட்டு நகர முடியாமல் கிடப்பது போல, ஓரிடத்தில் தட்டையாக நசுங்கி, ஓரிடத்தில் புடைத்து, மூன்று சுற்றுச் சுற்றி. கீறல் போட்ட இடத்தில் உதடுகள் போலப் பிளந்து, அதிலிருந்து சாம்பல் பஞ்சு நாக்காகத் தொங்கியது. சுவர் முழுக்கப் பச்சையும் கறுப்புமாக ரோமம்.

"ஐயே," என்று மூத்த மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். மாமியார் அவளுக்கு முன்பே போய்விட்டார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் போய்த் தங்கள் தங்கள் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். அங்கே உட்கார்ந்தால் இங்கே நடப்பது தங்களுக்குச் சம்பந்தமில்லாததாகிவிடும் போல.

நான் வெளியே போய் முடிச்சை அறுத்து, வலையின் ஆணிகளைப் பிடுங்கினேன். வலைக்குப் பின்னால் வைக்கோலும் நூலுமாக ஒரு கூடு. கூட்டில் குருவி இருந்தது. முட்டைமேல் உட்கார்ந்தபடியே செத்துப்போயிருந்தது. வலை அடித்த சாயங்காலம் அது உள்ளே இருந்திருக்கிறது. தேநீர்க் கோப்பையில் எனக்குப் பிடிபடாமல் போன அந்த இன்னொரு நாற்றம் இதுதான். கூட்டை அப்படியே கையில் எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது தங்கை குழாயை இயந்திரத்திலிருந்து கழற்றியிருந்தாள். இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு, சமையலறை வழியாகக் கூடத்துக்கு நடந்தாள். வழியெல்லாம் அது சொட்டியது. கூடத்தின் நடுவில் செய்தித்தாளை விரித்து, மின்விசிறியை நிறுத்தி, குழாயைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள்.

பொத்பொத்தென்று விழுந்தது. ஊறிய பஞ்சு, களிமண் உருண்டை போல. அதில் எல்லோரும் இருந்தார்கள். மாமியாரின் நரைமுடி, மூத்த மருமகளின் நீள முடி, மாமனாரின் சட்டை நூல், டயர்க்காரரின் கடைக் கரி. எல்லாம் ஒன்றாகத் திரண்டு, யாருடையது எது என்று பிரிக்க முடியாத ஒரே அழுக்கு. உள்ளே வெள்ளையாக ஏதோ நெளிந்தது. நானும் கூட்டை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன்.

மாமனார் குருவியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு நான் கண்ணாடி போட்டுக்கலை," என்றார் யாரிடமோ.

கடைசியாக விழுந்த உருண்டை வேறு மாதிரி இருந்தது. காய்ந்து, பழுப்பேறி, ஓரம் கறுத்து. இயந்திரத்துக்கு மிக அருகே, குழாய் நசுங்கிய இடத்தில் இருந்தது அது. டயர்க்காரர் குனிந்து மோந்து பார்த்தார். ரப்பர் தீயும் வாசனையை அறிந்தவர் அவர், முகம் வெளுத்துவிட்டது.

"இது தீய்ஞ்சிருக்கு," என்றார்.

"அதுக்குப் பக்கத்துலதான் உங்க டயர் இருந்துச்சு," என்றேன்.

அவர் மெல்ல உட்கார்ந்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "நீ எதுக்குக் கீறின?"

"நீங்க எதுக்கு மிதிச்சீங்க?"

"அவன் மொழக்கணக்கா வாங்கினா நான் என்ன பண்றது."

"நான் சுத்தி வெச்சப்போ காத்து வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு," என்றார் மாப்பிள்ளை. "வெளிய யாரோ அடைச்சாங்க."

"நான் கட்டினது மெல்லிசுத் துணி. காத்து போகும்," என்றார் மாமியார். "வலைதான் அடைச்சிருக்கும்."

"வலையில ஓட்டை இருக்கும்டி. பனியன்லதான் ஓட்டை இல்லை."

"அதான் கிழிஞ்சதுன்னு சொன்னேனே. ஓட்டை இருந்துச்சு."

சற்று முன் படியில் நின்று, நான் நான் என்று மார்தட்டிய அதே வாய்கள். கீழே அந்தக் குவியல் நெளிந்துகொண்டிருக்க, மேலே இவர்கள் அதை ஒருவர் மடியிலிருந்து மற்றவர் மடிக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கீழே கிடந்தது பரவாயில்லை என்று தோன்றியது. பஞ்சு ஒரே இடத்தில் இருந்தது. தன் மேல் இருந்த கறையைப் பக்கத்துப் பஞ்சின் மேல் பூசவில்லை.

"நான் ஒண்ணு சொல்லலாமா," என்றாள் தங்கை. பேச்சு நின்றது. "இந்த வீட்டுக்கு வந்த புதுசுல, துணி காய மாட்டேங்குதே அத்தைன்னு கேட்டேன். உங்க யாருக்கும் அது தெரியாம இல்லை. எல்லாருக்கும் தெரியும். ஆனா வாய்விட்டுச் சொன்னது நான் ஒருத்திதான். அன்னியிலேருந்து அது என் தப்பு. பெரியப்பாவுக்கு லெட்டர் போற வரைக்கும் என் தப்பு."

மாப்பிள்ளை எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போனவர் போய்விட்டார் என்றே நினைத்தேன். நானும் தங்கையும் குவியலைச் செய்தித்தாளோடு சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அந்த அறைச் சுவரைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தபோது திரும்பி வந்தார். கையில் ஒரு தகரக் குழாய். வழவழப்பானது, நேரானது, கை நீளத்துக்குமேல் இல்லை. கூடவே வெளிச்சுவருக்கு ஒரு மூடி. காற்று தள்ளினால் தானே திறக்கும், நின்றால் தானே மூடிக்கொள்ளும், குருவியும் நுழையாது, ரோஜாவும் கெடாது.

"கடையில கேட்டேன்," என்றார் தங்கையிடம். "எவ்வளவு சின்னதா, எவ்வளவு நேரா இருக்கோ அவ்வளவு நல்லதாம். வளைச்சா பஞ்சு தங்குமாம்."

"இதை அந்தப் பைப்பு வாங்கும்போதே கேட்டிருக்கலாம்," என்றாள் அவள்.

அவர் இயந்திரத்தைச் சுவரின் துளைக்கு நேராகத் தள்ளி, மண்டியிட்டு, குழாயை அவரே பொருத்தினார். அலமாரி அதன் பழைய இடத்துக்குப் போகவில்லை. டயர்களை டயர்க்காரரே ஒவ்வொன்றாகக் கொல்லைக்கு உருட்டினார், யாரும் சொல்லவில்லை.

துவைத்த சட்டையைப் போட்டு ஓட்டினோம். வெளியே போய் நின்றேன். மூடி சற்றுத் துடித்தது. பிறகு நிமிர்ந்து நின்றது. வெதுவெதுப்பான காற்று, சோப்பு வாசனையோடு, என் முகத்தில் அடித்தது. அன்றைக்கு அந்த வீட்டில் நான் ஆழமாக இழுத்த முதல் மூச்சு அது. ஓட்டம் ஒன்றுதான். சட்டை மொரமொரவென்று வந்தது. தங்கை அதை மாமியாரிடம் கொண்டுபோய் நீட்டினாள். அவர் முகர்ந்து பார்த்தார். இன்னொருமுறை முகர்ந்தார்.

"சரி," என்றார். "மாமியார் உடைச்சா மண்குடம்னு ஊர் சொல்லும். நடந்தது நடந்துபோச்சு. பெட்டியை உள்ள கொண்டுபோய் வை."

ஏதோ தானம் கொடுப்பவர் போலச் சொன்னார். குமட்டலுக்கு ஒரு முடிவு உண்டு என்று நினைத்தேன், இல்லை. அந்தக் குவியலைக் கண்டபோதுகூட எனக்கு இவ்வளவு குமட்டவில்லை.

தங்கை பெட்டியைத் தொடவில்லை. "பெரியப்பாவுக்கு வேற லெட்டர் போகட்டும். போனப்புறம் வைக்கிறேன். போகலைன்னா அண்ணனோட கிளம்பறேன்."

"நாங்க மெதுவா எழுதிக்கிறோம்," என்றார் மாமனார்.

"மெதுவா வேணாம் மாமா. அண்ணன் இங்கேயே எழுதட்டும். நீங்க எல்லாரும் இருந்த இடத்துல இருங்க."

மாப்பிள்ளை போய்த் தாளும் உறையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். பிறகு சோபாவின் நுனிக்குப் போகாமல், சமையலறைக் கதவருகே போய் அவள் பக்கத்தில் நின்றார்.

நான் வழக்கம்போலத் தொடங்கினேன். வாசற்பக்கத்து நாற்காலியில் இன்னார், மின்விசிறிக்குக் கீழே இன்னார். அதைக் கேட்டதுமே டயர்க்காரர் அசௌகரியமாக நகர்ந்தார். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன்.

"குருவி விஷயம் வேணாமே," என்றார் மாமனார். "அண்ணன் பறவைக்குத் தானியம் வைக்கிறவர். அவர் மனசு கஷ்டப்படும்."

"குருவி இல்லாம நாத்தத்துக்குக் காரணம் சொல்ல முடியாதே மாமா."

"பனியன்னு எழுதாதீங்க. துணின்னு எழுதுங்க," என்றார் மாமியார்.

"பனியன்தான அத்தை?"

"பனியன்தான். ஆனா படிக்கறவங்களுக்கு அது என்னமோ மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும்."

"கீறல்னு போடாதீங்க," என்றாள் மூத்த மருமகள். "சின்னத் துளைன்னு போடுங்க."

டயர்க்காரர் ஒன்றும் கேட்கவில்லை. "தீய்ஞ்சதை எழுதுங்க," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "அதை விட்டுடாதீங்க."

எல்லாவற்றையும் எழுதினேன். நீளக் குழாய், மிதித்தது, கீறியது, வலை, குருவி, பனியன், தீய்ந்தது. பிறகு இப்படி முடித்தேன்: 'வீட்டுத் துணியின் நாற்றத்துக்குச் சின்ன மருமகள் காரணமல்ல. அதை முதலில் சொன்னவர் அவர் ஒருவரே. முன்பு தங்களுக்கு எழுதியதை இதில் கையெழுத்திடுவோர் திரும்பப் பெறுகிறார்கள்.'

மாமியார் பேனாவை வாங்கவில்லை. "எனக்கு இந்த வெளிச்சத்துல கண்ணு தெரியலை."

மாப்பிள்ளை உள்ளே போய் அவர் கண்ணாடியைக் கொண்டுவந்து, கைக்குட்டையால் துடைத்து, நீட்டினார். "போடுங்கம்மா," என்றார். அந்த வீட்டில் அவர் தன் தாயிடம் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பது மற்றவர்கள் முகத்தில் தெரிந்தது. மாமியார் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள்.

தாளை மடித்து உறையில் போடப்போனபோது தங்கை தடுத்தாள். சமையலறைக்குப் போய் ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்தாள். பிரித்துக் காட்டினாள்: தீய்ந்த பஞ்சு, ஒரு சிட்டிகை.

"இதையுமா," என்றார் மாமனார்.

"பெரியப்பாவுக்குக் காது சரியாக் கேக்காதுன்னு நீங்கதான சொல்வீங்க. மூக்காவது சொல்லட்டும்."

பொட்டலம் உறைக்குள் போனது. மூத்த மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமனார் உறையை வாங்கி, ஒட்டுவதற்காக நாக்கை நீட்டினார்.

"எச்சில் வேணாம் மாமா," என்றாள் தங்கை. உறையை அவர் கையிலிருந்து எடுத்து, சமையலறைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து, விரலை நனைத்து, பசை ஓரத்தில் ஒருமுறை இழுத்தாள். அமுக்கிப் பிடித்து, ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு, துவைத்து ஒரே ஓட்டத்தில் காய்ந்த அந்தச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, உறையை என்னிடம் கொடுத்தாள்.

மாப்பிள்ளையும் கூட வந்தார். தெருமுனைத் தபால் பெட்டியின் வாயில் உறையைச் செருகினேன். எங்கேயும் சிக்காமல் நேராக உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.